ஒரு லிட்டர் தண்ணீர்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தின் குடும்ப அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "குடும்ப அரங்கத்துல ஒரு இருபது நிமிஷம் பேசணும்ப்பா. தலைப்பு, குழந்தை வளர்ப்பு" என்றார். நான் பதறிப்போய், "அண்ணா, எனக்கு இருக்கறதே ஒரு பொண்ணு. அவளுக்கே இப்பத்தான் மூன்றரை வயசு. ரெண்டு மூணு பேரை வளர்த்து ஆளாக்கினவங்களைக் கூப்பிடுங்க" என்றேன். "அவங்களுக்கெல்லாம் மறந்து போச்சுப்பா. நீதான் இப்ப அடி வாங்கிட்டு இருக்கறே, நீயே பேசு" என்று சொல்லிவிட்டார். ஆகவே அறிவுரை சொல்ல நான் வரவில்லை. அடி வாங்கிய கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலாண்டில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஒரு சார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். விடை சரியாக இருந்தாலும், பக்கத்தில் யூனிட் எழுதவில்லை என்றால் சைபர் போடுவார். "அஞ்சுன்னா என்னடா? அஞ்சு கிலோவா, அஞ்சு மீட்டரா, அஞ்சு மாடா?" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி கேட்பார். நான் அப்படி வாங்கிய சைபர்கள் கொஞ்சநஞ்சமல்ல. அதில் கடைசி சைபரை வாங்கியது கல்லூரியை விட்டு வந்து பல வருஷம் கழித்து, என் வீட்டுச் சமையலறையில். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஷாஃப்டின் விட்டம் நூறில் இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தால் "திருப்பி அனுப்பு" என்று சொல்கிற உத்தியோகம். எங்கள் பம்ப்பை வாங்குகிறவருக்கு ஒரு கையேடு கொடுப்போம். எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது, எல்லாம் அதில் இருக்கும். குழந்தை பிறக்கும்போது அப்படி ஒரு கையேடும் வருவதில்லை என்று சிலர் சொல்வார்கள். தப்பு. இருபது கையேடு வருகிறது! என் அம்மா ஒன்று, மாமியார் ஒன்று, பக்கத்து வீட்டு அக்கா ஒன்று, டாக்டர் ஒன்று, செல்போன் நூறு. ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கும். இதில் எதைப் பின்பற்றுவது என்பதுதான் தினம் தினம் நம் முன்னால் நிற்கிற கேள்வி.

நான் அதற்கு ஒரு சுலபமான வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் என் மனைவியிடம் விட்டுவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள், நானும் வேலை செய்தேன். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வேன், துணி காயப் போடுவேன், ராத்திரி அழுதால் எழுந்து லைட் போடுவேன். "உங்க வீட்டுக்காரர் எவ்வளவு ஹெல்ப் பண்றார்!" என்று பக்கத்து வீட்டில் நல்ல பெயர். அந்த 'ஹெல்ப்' என்ற வார்த்தையில்தான் வில்லங்கம். ஹெல்ப் பண்ணுகிறவன் பொறுப்பாளி அல்ல, ஹெல்ப்பர். மேஸ்திரி சொன்னால் கல் எடுத்துக் கொடுப்பான். சுவர் நேராக இருக்கிறதா என்று அவன் பார்க்க வேண்டியதில்லை.

பாப்பாவுக்குப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. மனைவியின் ஊரில் ஒரு சாவு. மழைக்காலம், சாவு வீட்டுக் கூட்டம், குழந்தை வேண்டாம் என்று என்னிடமும் என் அம்மாவிடமும் விட்டுவிட்டு அவள் மட்டும் போனாள். அன்று சாயங்காலம் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ராத்திரி ஒன்பது மணிக்குள் ஐந்தாறு தடவை ஆகிவிட்டது. தண்ணீராகப் போகிறது. நடுவில் ஒரு தடவை வாந்தி. எனக்குக் கை கால் ஓடவில்லை.

"பாலும் குடுக்காதே, சோறும் குடுக்காதே. வயித்தைக் காயப் போட்டாத் தானா நின்னுக்கும்" என்றார் அம்மா. நான் படித்தவன் இல்லையா! "சும்மா இருங்கம்மா, ஓ.ஆர்.எஸ். குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். பாக்கெட் வாங்கி வந்தேன். முன்னொரு தடவை என் மனைவி ஒரு பாக்கெட்டைப் பிரித்து டம்ளர் தண்ணீரில் கலக்கியதைப் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு டம்ளரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டி, நன்றாகக் கலக்கி, பாலாடையில் எடுத்துப் புகட்டினேன். குழந்தைக்குத் தாகம். முதலில் வேகமாகக் குடித்தாள். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு அழுதாள். நான் விடவில்லை. "மருந்துன்னா அப்படித்தான் சாமி, குடிச்சிரு கண்ணு" என்று மடக்கிப் பிடித்து இன்னும் இரண்டு பாலாடை ஊற்றினேன்.

அம்மா அந்த டம்ளரை வாங்கி, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். "என்னடா இது, கடல் தண்ணியாட்டக் கரிக்குது! இதைப் போயி பச்சப் புள்ளைக்கு ஊத்தறே?" என்று டம்ளரோடு கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்களுக்கு என்ன தெரியும்" என்று கத்தப் போனவன், அவர் வாயை அடைப்பதற்காகத்தான் குப்பையில் கிடந்த காலி பாக்கெட்டை எடுத்துப் படித்தேன். அதில் போட்டிருந்தது: ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கவும்.

விஷயம் இதுதான். நம் ஊர்க் கடைகளில் ஓ.ஆர்.எஸ். இரண்டு அளவில் வருகிறது. நாலு கிராம் சொச்சம் உள்ள சின்ன பாக்கெட் 200 மில்லி தண்ணீருக்கு. இருபத்தோரு கிராம் அளவுள்ள பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. மனைவி கலக்கியது சின்னது. நான் வாங்கி வந்தது பெரியது. பாக்கெட் என்பது ஒரு யூனிட் இல்லை சார்! ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் என்றால்தான் அது விடை. ஷாஃப்டில் நூறில் இரண்டு மில்லிமீட்டர் பார்க்கிறவன், என் சொந்தக் குழந்தைக்கு ஐந்து மடங்கு தப்புப் பண்ணியிருந்தேன்.

உடனே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளந்து, இன்னொரு பாக்கெட்டைச் சரியாகக் கலக்கினேன். அம்மா ருசி பார்த்துத் தலையசைத்த பிறகுதான் கொடுத்தேன். விடிய விடிய ஸ்பூன் ஸ்பூனாக இரண்டு பேரும் மாறி மாறிப் புகட்டினோம். காலையில் டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "குழந்தை எடை எவ்வளவு?" நான், "ஒன்பதோ பத்தோ இருக்குங்க மேடம்." "ராத்திரியிலிருந்து எத்தனை தடவை யூரின் போச்சு?" எனக்குத் தெரியவில்லை. அம்மா சொன்னார்: "ராத்திரி ரெண்டு தடவைங்க, விடியக்காலம் ஒரு தடவைங்க." "ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து மூணு டோஸும் குடுத்தாச்சா?" "எல்லாம் போட்டாச்சுங்க" என்றேன். "எல்லாம்னா?" என்றார். அந்த 'எல்லாம்'-க்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பதினாலு மாதத்தில் ஒரு தடவைகூட நான் ஊசி போடுகிற அறைக்குள் போனதில்லை. வெளியே வண்டியோடு நின்றிருந்தேன்.

டம்ளர் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. குழந்தையை முழுவதும் பரிசோதித்துவிட்டு, "நல்லவேளை, கொஞ்சம்தான் உள்ளே போயிருக்கு. பயப்பட ஒண்ணும் இல்லை" என்றார். பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். சரியாகக் கலந்த ஓ.ஆர்.எஸ்.ஸில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம். நம் ரத்தத்தில் 135-லிருந்து 145. நான் கலக்கியதில் 375. கடல் தண்ணீரிலேயே சுமார் 470தான். அம்மாவின் நாக்குச் சொன்ன அளவு சரியாகத்தான் இருந்தது! அத்தனை உப்பு உள்ளே போனால் குடல் தண்ணீரை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக, உடம்பிலிருந்து தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்படும். ரத்தத்தில் உப்பு ஏறினால் மூளையைப் பாதிக்கும், வலிப்புகூட வரலாம். காப்பாற்றுகிற மருந்தே அளவு மாறினால் கெடுக்கிற மருந்து.

அதே டாக்டரம்மா என் அம்மாவையும் விடவில்லை. "வயித்தைக் காயப் போடக் கூடாதுங்க பாட்டி. தாய்ப்பால் இருந்தா நிறுத்தவே கூடாது. கஞ்சி, தயிர் சோறு, வாழைப்பழம், எப்பவும் சாப்பிடறதை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கணும். அப்பத்தான் குடலே சரியாகும்" என்றார். ஆக நான் ஒன்றில் தப்பு, அம்மா ஒன்றில் தப்பு. நான் ஒன்றில் சரி, அம்மா ஒன்றில் சரி.

அவர் சொன்ன மற்ற விஷயங்களையும் இங்கே இருக்கிற இளம் பெற்றோருக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, மறுபடி மெதுவாக ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். கலக்கியது 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிட வேண்டும். கூடவே துத்தநாக மருந்து, அதாவது ஜிங்க், டாக்டர் சொன்ன அளவில் 14 நாள். ஐந்தாம் நாள் குழந்தை ஓடியாட ஆரம்பித்ததும் நாம் நிறுத்திவிடுவோம், நிறுத்தக் கூடாது. கண் குழிவிழுந்து போனாலும், குழந்தை துவண்டு கிடந்தாலும், குடிக்க முடியாமல் போனாலும், பல மணி நேரம் யூரின் போகாவிட்டாலும், ரத்தம் கலந்து போனாலும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். டப்பாவில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்களை நம்பியவர்களும் உண்டு. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பெயர் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரானதா என்று பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. ஆட்டோவில், "பாத்தீங்களாம்மா, வயித்தைக் காயப் போடக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க" என்று அம்மாவிடம் வெற்றிக் களிப்போடு சொன்னேன். அம்மா வெகு நேரம் பேசவில்லை. பாப்பாவின் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: "உனக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சு. ஒன்பது மாசம். இதே மாதிரித்தான் போச்சு. வயித்தைக் காயப் போடச் சொன்னாங்க. சொட்டுத் தண்ணி குடுக்காமப் பாத்துக்கிட்டேன். சொன்னதைத்தான் செஞ்சேன்."

எனக்கு ஒரு அண்ணன் இருந்து இறந்துபோனது தெரியும். எப்படி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆட்டோவில் நான் வேறு எதுவும் பேசவில்லை. என்ன பேசுவது?

அதற்குப் பிறகுதான் ஓ.ஆர்.எஸ். பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1971-இல் வங்க தேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் என்ற ஊரில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றுகிற சலைன் போதவில்லை. தரையெல்லாம் நோயாளிகள். அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலநாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் பொட்டலமாகக் கட்டித் தண்ணீரில் கரைத்து, பீப்பாய்களில் வைத்து வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நாலு பேருக்கும் கீழே இறங்கியது. வயிற்றுப்போக்கின்போதும் குடலில் ஒரு வழி மட்டும் அடைபடுவதில்லை. சர்க்கரையும் உப்பும் சரியான விகிதத்தில் சேர்ந்து வந்தால் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது, தண்ணீரும் பின்னாலேயே போகிறது. இவ்வளவுதான் சூத்திரம். லான்செட் என்ற மருத்துவ இதழ் 1978-இல், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. மகலநாபிஸ் 2022-இல் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

அதில் என் மனதைத் தொட்டது வேறு ஒரு விஷயம். அந்த முகாமில் பெரும்பாலும் மருந்தைப் புகட்டியது நர்ஸுகள் அல்ல, நோயாளிகளின் சொந்தக்காரர்கள். அம்மா, அக்கா, பாட்டி. எப்படிக் கொடுப்பது என்று யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். அவ்வளவுதான். 1971-இல் கண்ட விஷயம் எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊர்த் திண்ணைக்கு வந்து சேரவில்லை. யாரோ ஒருவர் வந்து என் அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவர் அதைத்தானே செய்திருப்பார்? சொன்னதைச் செய்கிறவர்தானே அவர்?

மூன்றாம் நாள் என் மனைவி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "ஏங்க எனக்கு ஒரு போன் பண்ணலே?" "துக்க வீட்டுல உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு..." என்றேன். "தொந்தரவு பண்ணாம இருக்கணும்னா உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணுமுங்க. தெரியலைன்னா கேக்கணுமுங்க. இது ரெண்டும் இல்லாம எப்படிங்க?" என்றாள். நம் கல்லூரியில் எந்த வைவாவிலும் இப்படி ஒரு கேள்வியில் நான் மாட்டிக்கொண்டதில்லை.

அன்றிலிருந்து வீட்டில் சில மாற்றங்கள். பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். பாப்பாவின் எடை, எடை பார்த்த தேதி, போட்ட தடுப்பூசிகள், அடுத்து எது எப்போது, டாக்டர் போன் நம்பர். காய்ச்சல் மருந்தின் அளவு மில்லியில். ஏன் மில்லியில் என்றால், பாரசிட்டமாலிலும் அதே வில்லங்கம் இருக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப் என்றால் பெரும்பாலும் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125. இன்னொரு சிரப்பில் 250. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து ஊற்றினால் நாலு மடங்கு. அளவுக் குப்பி இல்லாமல் சமையலறை ஸ்பூனை எடுக்கவே கூடாது. ஒன்றரை வயதில் போடுகிற தடுப்பூசிக்கு நானே உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். அவள் அழுத அழுகையில் எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் என்ன ஊசி, எதற்கு என்று இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

குழந்தை வளர்ப்பில் தினமும் நூறு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் பயந்தால் பைத்தியம் பிடித்துவிடும். ஆகவே நானும் மனைவியும் அவற்றை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். தப்பாகப் போனால் திருத்திக்கொள்ளக் கூடியவை ஒரு பக்கம். திருத்த முடியாதவை இன்னொரு பக்கம்.

இட்லியா ராகிக் கூழா, கிரெச்சா பாட்டியா, தமிழிலா இங்கிலீஷிலா, எந்த எல்.கே.ஜி., இன்றைக்குக் குளிப்பாட்டலாமா வேண்டாமா — இதெல்லாம் திருத்தக் கூடியவை. இதற்காக மாமியாரோடு சண்டை போட வேண்டியதில்லை. அத்தை சொல்கிறபடியே ஒரு மாதம் செய்து பார்க்கலாம், சரிவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். செல்போனைக்கூட இதில்தான் வைத்தோம். இரண்டு வயதுவரை காட்டக் கூடாது, அதற்கு மேல் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. எங்கள் வீட்டில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கு இடிக்கத்தான் செய்கிறது. திங்கட்கிழமை சரிசெய்துகொள்கிறோம்.

திருத்த முடியாதவை கொஞ்சம்தான். கொதிக்கிற வெந்நீர் வாளி. மூடாத தண்ணீர்த் தொட்டி. தொண்டையில் அடைக்கும் முழு நிலக்கடலை. பொம்மையிலிருந்து கழன்று விழும் பொத்தான் பேட்டரி. அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். ஒரு வயதுக்குள் நாக்கில் தேன். மருந்தின் அளவு. தள்ளிப்போட்ட தடுப்பூசி. வண்டியில் பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்கார வைத்துப் போவது. ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று 2022-இல் விதி வந்து, 2023 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது. இன்று காலை இந்த வளாகத்துக்குள் வந்த வண்டிகளை நான் எண்ணிப் பார்க்கவில்லை. உங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் யார் சொன்னாலும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. அம்மா சொன்னாலும் சரி, அத்தை சொன்னாலும் சரி, நானே சொன்னாலும் சரி.

நண்பர்களே, முக்கியமாக இளம் தகப்பன்மார்களுக்கு இரண்டே இரண்டு வேண்டுகோள். ஒன்று, உங்கள் குழந்தையின் இன்றைய எடை என்ன என்று மனைவியைக் கேட்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அதுதான். இரண்டு, அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான். டாக்டர் சொல்வதை அவர்கள் நேராகக் கேட்கட்டும். நம் வாய்வழியாகக் கேட்டால் அது மருமகளின் வம்பாகவோ மகனின் திமிராகவோதான் படும்.

என் அம்மா இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் போய்விடுகிறார். பாக்கெட்டைக் கையில் வாங்கி, "இது பெரிசா சின்னதா, முதல்ல அதைப் படிச்சுச் சொல்லு" என்கிறார். கலக்கிய பிறகு தான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறார். கண்ணீரை விட உப்புக் கரிக்கக் கூடாது, அதுதான் அவருடைய அளவு. அவர் எங்கே அதைக் கற்றுக்கொண்டார் என்று யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.